நூற்றியொன்றாவது அட்டை

கன்னைவ். ஆங்கிலத்தில் ஏழே எழுத்து. இந்த ஏழெழுத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுத முடியாமல் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். மணி பதினொன்றேகால். ஒரு மணிக்குள் அட்டையை ஜெய்புன்னிசாவிடம் கொடுத்தாக வேண்டும். அவள் தட்டச்சு செய்து பக்கத்தை மூடிவிட்டால் சாயங்காலம் அச்சகத்துக்குப் போய்விடும். அத்தோடு எங்கள் ஆங்கிலம் – தமிழ் அகராதியின் புதிய பதிப்பு முடிந்தது, நானும் முடிந்தேன். மாசக் கடைசியில் சந்தன மாலையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முப்பத்திரண்டு வருஷம் வார்த்தைகளை அட்டையில் எழுதியே பிழைத்தவன் நான். ஒரு வார்த்தைக்கு ஓர் அட்டை, தபால் கார்டு அளவு. மேலே ஆங்கில வார்த்தை, நடுவில் பொருள், அதற்குக் கீழே எடுத்துக்காட்டு, அடியில் எழுதியவனின் கையொப்பம். பொருள் எழுதுவதில் எனக்கு என்றைக்கும் சிரமம் இருந்ததில்லை. ஒன்று, தவறு நடப்பது தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்துவிடுதல். இரண்டு, பிறருடன் ரகசியமாகக் கூடிச் சதி செய்தல். பின்னால் அட் என்ற ஆங்கிலச் சொல் வந்தால் முதலாவது, வித் என்ற சொல் வந்தால் இரண்டாவது. பழைய லத்தீனில் கண்ணை மூடிக்கொள்வது என்று அர்த்தமாம், அதிலிருந்து வந்த வார்த்தையாம். எல்லாவற்றையும் அழகாக எழுதியாயிற்று. எடுத்துக்காட்டுக்கான இடம் மட்டும் வெள்ளையாகக் கிடக்கிறது. மின்விசிறிக் காற்றில் அட்டை ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் என் மாத்திரை டப்பாவை எடுத்து வைத்திருக்கிறேன்.

பத்தரைக்கு அந்த ஃபோன் மட்டும் வராமல் இருந்திருந்தால் ஏதாவது எழுதித் தொலைத்திருப்பேன். சார், நான் பியூலா பேசுறேன், பாளையங்கோட்டையிலிருந்து, ஞானாபரணம் சாரோட மகள் என்றாள். நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். எதிரில் யாருமில்லை, ஃபோனில் இருந்ததும் மகள்தான், ஆனாலும் அந்தப் பேரைக் கேட்டால் எழுந்து நிற்பது என் காலுக்குப் பழகிப் போனது. அப்பாவுக்கு எண்பத்திரண்டு முடிந்துவிட்டது, கண் இரண்டும் சுத்தமாகப் போய்விட்டது, இந்த ஒரு வாரமாகப் படுக்கையிலேயே இருக்கிறார் என்றாள். பேப்பர் வாசித்துக் காட்டும்போது புதிய பதிப்பு வரப்போகிற செய்தி வந்ததாம். அதிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். தன் பேர் அதில் இருக்கிறதா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது அதுவல்ல. அந்த இல்லாத வார்த்தையை எடுத்துவிட்டார்களா, அதைத்தான் கேட்கச் சொன்னாராம். ஒரு மணி நேரத்தில் நானே கூப்பிடுகிறேன் அம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். எடுத்தாயிற்று என்று சொல்ல ஒரு விநாடி போதும். எதற்கு ஒரு மணி நேரம் கேட்டேன்? அந்த வார்த்தையை இரண்டாம் அச்சிலேயே எடுத்தாயிற்று, அவர் பேரையும் கூடவே எடுத்தாயிற்று, அதை எப்படிச் சொல்வது? அவர் அந்தப் பாதியைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன், மனசு இவ்வளவு பாடுபட்டிருக்காது.

ஞானாபரணம் சார்தான் முதல் பதிப்பின் ஆசிரியர். ஒல்லி, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். நான் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் என்னிடம் மட்டும் ஊர்ப்பேச்சு பேசுவார், வாரும், இரும், நீரு என்பார். மற்றபடி ஒரு சலுகையும் கிடையாது. இதே வார்த்தை, இதே கன்னைவ், அப்போதும் என் பங்குக்குத்தான் வந்தது. அவர்கள் ரகசியமாகச் சதி செய்தனர் என்று எடுத்துக்காட்டு எழுதிக் கொடுத்தேன். உயிர் இல்லை என்று சிவப்பில் எழுதித் திருப்பி அனுப்பினார். மாற்றி எழுதினேன், அமைச்சர்கள் மன்னனுக்கு எதிராகச் சதி செய்தனர் என்று. உயிர் இல்லை. அதிகாரி ஊழலைக் கண்டும் காணாமல் இருந்தார். உயிர் இல்லை. ஏழு முறை. ஏழாவது முறை எல்லார் நடுவிலும் என் மேஜைக்கே வந்து, யாரு செஞ்சா, யாருக்குச் செஞ்சா, பார்த்தவன் யாரு, ஒண்ணும் இல்லையே இதில, உமக்கு இப்படி ஒண்ணு நடந்ததே இல்லியா என்று கேட்டார். கோதண்டம் சிரித்தார். கோதண்டம் துணை ஆசிரியர், எனக்குப் பத்து வயது மூத்தவர். அவர் சிரிக்க மற்றவர்களும் சிரித்தார்கள். எட்டு வருஷம் தற்காலிக வேலையில் இருந்தவன் நான், கல்யாணமாகி ஆறே மாசம், காது வரை சுட்டது. கடைசியில் அந்த உயிரில்லாத முதல் வாக்கியமே அச்சில் போனது, நேரம் இல்லாததால். அன்றைக்கு அவர் குனிந்து மெதுவாகக் கேட்டிருந்தால் எல்லாமே வேறு மாதிரி நடந்திருக்கும். இல்லை, இப்படி அவர்மேல் தள்ளுவதை எத்தனை வருஷமாகச் செய்கிறேன். ஒரு மனுஷன் சத்தமாகக் கேட்டான் என்பதற்காக அவன் வாழ்க்கையைக் கெடுக்கலாமா? கேட்டதும் வேலையைப் பற்றித்தானே.

எங்கள் ஆபீஸில் அப்போது ஒரு வழக்கம். நூறு அட்டை சேர்ந்ததும் ஒரு கட்டு. ஆசிரியர் நூறையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மேல் அட்டையில் மட்டும் நூறு என்று எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, சணல் நூலால் கட்டி அனுப்புவார். உள்ளே இருக்கிற அட்டைகளில் அவர் கையெழுத்து இருக்காது. மேலே ஒன்று இருந்தால் உள்ளே அத்தனைக்கும் அவரே பொறுப்பு. அந்தக் கட்டு கோதண்டத்திடம் போய், அவரிடமிருந்து என்னிடம் வரும். நான் எழுத்துப் பிழை பார்த்து அச்சுக்கு அனுப்ப வேண்டும். ஞானாபரணம் சார் கட்டும் முடிச்சு எனக்குத் தெரியும், இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு நுனியை வெளியே விட்டிருப்பார், இழுத்தால் அவிழும். ஒரு நாள் வந்த கட்டில் முடிச்சு வேறு மாதிரி இருந்தது. நகத்தால் அவிழ்க்கப் பார்த்து, முடியாமல் முடிச்சை விட்டு நூலைக் கத்தரியால் வெட்டி, அதையும் கட்டோடு வைத்தேன். எண்ணினேன். நூற்றியொன்று. திரும்ப எண்ணினேன், நூற்றியொன்று. நடுவில் ஒரு வார்த்தை, டார்மிலேட். அரைத்தூக்கத்தில் வேலை பார்த்தல் என்று பொருள் போட்டிருந்தது. அப்படி ஒரு வார்த்தை ஆங்கிலத்தில் கிடையாது. எழுதியவர் கையொப்பமும் இல்லை. எழுத்தை மாற்றி எழுதியிருந்தாலும் த என்ற எழுத்தின் வாலைக் கோதண்டம் சுழிக்கிற மாதிரி ஊரில் யாரும் சுழிப்பதில்லை. கேன்டீனில் அவரிடம் போய் மெதுவாகக் கேட்டேன். டீயை ஊதிக்கொண்டே, நீ ஒண்ணும் பண்ண வேணாம் சிவசைலம், பார்க்காத மாதிரி இரு, அது போதும் என்றார். அடுத்த வருஷம் உன் வேலை நிரந்தரம் என்றும் சொன்னார். நான் சரி என்றுகூடச் சொல்லவில்லை. அந்தச் சரியைச் சொல்லவில்லை என்பதை இருபத்து நான்கு வருஷமாகப் பெரிய நியாயம் மாதிரி கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். சரி சொல்லவில்லைதான். ஆனால் இடத்துக்குத் திரும்பி வந்து அந்த அட்டையில் ஒரு எழுத்துப் பிழை இருந்ததே, அதைத் திருத்தினேன். இல்லாத வார்த்தையின் எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பியவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

புத்தகம் வந்த மாசமே பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். பத்திரிகைக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. இல்லாத வார்த்தைக்குப் பொருள் சொல்லும் அகராதி, ஆசிரியரே அரைத்தூக்கத்திலா என்று தலைப்பு. ஊர் சிரித்தது. விசாரணைக் குழு போட்டார்கள், மூன்று பேர், நீள மேஜை, ஆளுக்கொரு கண்ணாடி டம்ளர் தண்ணீர். அந்தக் கட்டு உங்களிடம் வந்ததா, அந்த அட்டையைப் பார்த்தீர்களா என்று என்னைக் கேட்டார்கள். கவனிக்கவில்லை என்றேன். ஒரே வார்த்தை. தொண்டை வறண்டு போய், எதிரில் இருந்த தண்ணீரை எடுக்கலாமா கூடாதா என்று அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஞானாபரணம் சார் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். தன் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் முறை வந்தபோது, மேலே என் கையெழுத்து இருக்கு, என் பொறுப்பு என்று மட்டும் சொன்னார். மறுநாள் ராஜினாமா. கோதண்டம் ஆசிரியர் ஆனார், என் வேலை நிரந்தரமானது, பிறகு கோதண்டம் ஓய்வு பெற்று அந்த நாற்காலியும் எனக்கே வந்தது. இப்போது நான் உட்கார்ந்திருப்பது அதில்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் பாளையங்கோட்டையிலிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து வரும். உள்ளே ஒரு வரி இருக்காது, கையெழுத்து மட்டும்தான், அதே சிவப்புப் பென்சிலில். நான் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. நாலு வருஷமாக வாழ்த்தும் வரவில்லை. கோபம் வந்துவிட்டது போல என்று நினைத்து, கேவலம், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தேன். கண் போயிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

ஜெய்புன்னிசா கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள். அந்த ஒரு அட்டைதான் சார் பாக்கி, அப்புறம் பேர்ப் பக்கம் என்றாள். பேர்ப் பக்கமும் என் மேஜைமேல்தான் இருக்கிறது. இந்தப் பதிப்பில் முதல் பதிப்பிலிருந்து வேலை செய்த ஆசிரியர்கள் எல்லார் பேரும் போடுகிறோம். கோதண்டம், கீழே சிவசைலம், அதாவது நான், அதற்குக் கீழே இன்னும் நாலு பேர். ஞானாபரணம் இல்லை. விசாரணையில் நீக்கப்பட்ட பேரைச் சேர்க்க வேண்டுமென்றால் இயக்குநருக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். அச்சடித்த படிவம் அது, பேர், பதவி, சேர்க்கக் காரணம். அந்தப் படிவத்தையும் காலையிலேயே எடுத்து வைத்துவிட்டேன். பேர் எழுதினேன், பதவி எழுதினேன், காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அன்னாரின் சேவையைக் கருதி என்று எழுதலாம். குப்பைத் தொட்டிக்குப் போகும். கோதண்டம்தான் செருகினார் என்று எழுதலாம். கோதண்டம் செத்து இரண்டு வருஷம் ஆகிறது, மறுக்கவா போகிறார்? பழியையெல்லாம் அவர் தலையில் கட்டிவிட்டு நான் பெரிய மனுஷனாக வெளியே போய்விடலாம். ஆனால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று இயக்குநர் கேட்பார். கேட்க வேண்டியவர்தானே. எப்படித் தெரியும் என்பதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. அதை எழுதினால் என் பேர் அந்தப் பக்கத்தில் நிற்குமா? மாலை வருமா? விழாவுக்கென்று என் மனைவி புடவை எடுத்து வைத்திருக்கிறாள், மாப்பிள்ளை லீவு போட்டிருக்கிறார். வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. சரஸ்வதி பூஜைக்கு அந்த முதல் பதிப்பைத்தான் வருஷா வருஷம் பொட்டு வைத்து அடுக்குகிறாள். அவள் முகத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இயக்குநர்கூடப் பரவாயில்லை.

அட்டைக்குத் திரும்பினேன். இது வேறு வேலை, அது வேறு வேலை என்று பிரித்துக்கொண்டால் எழுத வரும் என்று நினைத்தேன். சிலர் ரகசியமாகக் கூடி. வெட்டினேன். அவர்கள் கண்டும் காணாமல். வெட்டினேன். எங்கே போனாலும் அவர்கள், சிலர், அதிகாரி, அமைச்சர். யாரு செஞ்சா, யாருக்குச் செஞ்சா, பார்த்தவன் யாரு? எனக்கு ஒன்று நடந்ததில்லையா என்று கேட்டாரே, அன்றைக்கு நடந்திருக்கவில்லை சார், உண்மையாகவே நடந்திருக்கவில்லை. அடுத்த மாசம்தான் நடந்தது. இவ்வளவு வருஷமும் நான் செய்தது முதலாவது பொருள் மட்டும்தான், அட் போட்டது, வெறுமே கண்ணை மூடியது, கூட்டுச் சேரவில்லை என்று எனக்கு நானே பிரித்துப் பிரித்துச் சொல்லிவந்தேன். அகராதிக்காரன் அல்லவா, பொருளை ஒன்று இரண்டு என்று எண் போட்டுப் பிரித்தால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பு. பாளையங்கோட்டையில் கண் தெரியாமல் கிடக்கிறவருக்கு எந்த எண்ணாக இருந்தால் என்ன? என் கண் நன்றாகத் திறந்துதான் இருந்தது. எண்ணக்கூடச் செய்தேன், இரண்டு தடவை. புது அட்டை ஒன்றை எடுத்தேன். வார்த்தையையும் பொருளையும் திரும்ப எழுதினேன். எடுத்துக்காட்டுக்கான இடத்துக்கு வந்ததும் நிறுத்தாமல், யோசிக்காமல், ஒரே வரியாக எழுதினேன். பன்னிரண்டே முக்கால், பியூலாவிடம் சொன்ன ஒரு மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து ஃபோனை எடுத்தேன்.

பியூலாதான் எடுத்தாள். அப்பாவிடம் கொடுக்க முடியுமா அம்மா என்று கேட்டேன். காதுகிட்ட வைக்கிறேன் சார், மெதுவாத்தான் பேசுவாங்க என்றாள். மூச்சு கேட்டது. பிறகு அந்தக் குரல், தேய்ந்துபோயிருந்தாலும் அதே குரல், சிவசைலமா என்றது. எழுந்து நின்றேன். அந்த வார்த்தையை எடுத்தாச்சு சார், அப்பவே எடுத்தாச்சு என்றேன். நல்லது என்றார். ஃபோனை வைத்துவிட அதுவே நல்ல இடம். என் விரல் அந்தச் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

“சார், கன்னைவ் அட்டை முடிஞ்சிருச்சு. எடுத்துக்காட்டு எழுதியிருக்கேன். வாசிக்கட்டுமா?”

“வாசியும்.”

வாசித்தேன். “ஞானாபரணம் கையெழுத்திட்ட கட்டுக்குள் கோதண்டம் பொய் அட்டையைச் செருகியதைப் பார்த்த சிவசைலம், எழுத்துப் பிழையை மட்டும் திருத்தி அச்சுக்கு அனுப்பிவிட்டு, கவனிக்கவில்லை என்று சொன்னான்.”

பியூலாவின் வளையல் ஃபோனில் உரசுவது கேட்டது. அவர் அழுகிறாரோ, தூங்கிவிட்டாரோ, கேட்கவே இல்லையோ என்று ஒன்றும் புரியாமல் மாத்திரை டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இப்பத்தான் சரியா வந்திருக்கு. பேரை மட்டும் எடுத்திரும். அகராதியில ஆள் பேரு வரப்பிடாது.”

“சார், அது எடுத்துக்காட்டு இல்ல சார். நடந்தது.”

“தெரியும்வே. நூத்தியொண்ணு இருந்துச்சி. விசாரணைக்கு மொத நாளே கட்டை வாங்கி எண்ணிட்டேன். நூலும் என் முடிச்சு இல்ல.”

மேல் அட்டையில் அவரே எழுதிய எண் நூறு. உள்ளே ஒன்று கூடுதல். அந்த மேஜையில் கட்டை வைத்து எண்ணிக் காட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவ்வளவு ஆதாரத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் எனக்குத் தண்ணீரை நகர்த்தி வைத்திருக்கிறார்.

“அப்ப ஏன் சார் நீங்க சொல்லல?”

“நீரு சொல்லுவீருன்னு இருந்தேன்.”

அப்பாவுக்கு மூச்சு இளைக்குது சார், அப்புறம் பேசலாமா என்று பியூலா வாங்கிக்கொண்டாள். வைத்துவிட்டேன். எத்தனை நிமிஷம் அப்படியே நின்றேனோ தெரியாது, அழுதேன் என்று மட்டும் தெரியும். அந்த நீள மேஜையில் நான் வாய் திறக்கக் காத்திருந்திருக்கிறார். பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் காத்திருந்திருக்கிறார், ஒரு வரிகூட எழுதாமல். நான் அந்த வாழ்த்துகளை எல்லாம் மேஜையின் கடைசி இழுப்பறையில் கவிழ்த்துப் போட்டு வைத்திருந்தேன்.

ஜெய்புன்னிசா கதவைத் தட்டினாள். மணி ஒன்று. அவர் சொன்னபடி அட்டையில் ஆள் பேர்களை எடுத்தேன். ஆசிரியர், துணை ஆசிரியர், பிழை பார்த்தவன் என்று மாற்றினேன். அடியில் கையொப்பமிட்டேன். பேர்களோடு இருந்த வாக்கியத்தை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இயக்குநர் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன். சரியாக அந்தக் கட்டத்துக்குள் அடங்கியது. பேர்ப் பக்கத்தில் எல்லாருக்கும் மேலே ஞானாபரணம் என்று எழுதி அம்புக்குறி போட்டேன். அவள் வாங்கிப் பார்த்தாள். நாலு வருஷம்தான் ஆகிறது அவள் இங்கே வந்து.

“இது யாரு சார், புதுப் பேரா இருக்கே?” என்று கேட்டாள்.

உட்காரும்மா என்று எதிர் நாற்காலியைக் காட்டினேன். சொல்ல ஆரம்பித்தபோது தொண்டை அன்றைக்குப் போலவே வறண்டிருந்தது. அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அதைக் குடிக்க என்னால் முடியவில்லை.